பிழையான விடையும் பிள்ளையின் சிந்தனையும்

மூன்றாந் தரத்திற் பயிலும் பிள்ளையொன்று 52இலிருந்து 27ஐக் கழித்து, 35 என விடை எழுதுகிறது. சிவப்பு மையால் அதன்மேற் கோடிடுதல் எளிது. அந்த 35 எங்கிருந்து வந்தது என எண்ணிப் பார்ப்போர் சிலரே.

பெரிய எண்ணிலிருந்தே சிறிய எண்ணைக் கழிக்கலாம் என அப்பிள்ளை முன்னர் கேட்டிருக்கிறது. ஆதலால் ஒன்றின் இடத்தில் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்றும், பத்தின் இடத்தில் 5இலிருந்து 2ஐக் கழித்து 3 என்றும் எழுதிற்று. இது கவனக்குறைவால் நேர்ந்த பிழை அன்று. தான் அறிந்த விதியொன்றை அது பொருந்தாத இடத்திற் பயன்படுத்தியதால் நேர்ந்தது. அதனை அறியாது மேலும் நூறு கணக்குகளைக் கொடுத்தால், பிள்ளை நூறு முறையும் அதே பிழையையே பயிலும்.

ஆகவே, “இந்த விடை எப்படி வந்தது, பிள்ளை?” என்னும் கேள்வியே கற்பித்தலின் தொடக்கமாகும். விடை சரியாயிருக்கும்போதும் அதனைக் கேட்டல் வேண்டும். பிழைத்தபோது மாத்திரம் கேட்டால், பிள்ளை அதனைக் கண்டனமெனக் கொண்டு வாயடைத்துப் போகும். கேட்டபின் சிறிது நேரம் பொறுத்திருத்தலும் வேண்டும். விரைந்து சொல்லும் பிள்ளையே கெட்டிக்காரப் பிள்ளை என்னும் எண்ணம், ஆழ்ந்து சிந்திக்கும் பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

அடுத்து, கையாற் செய்து காட்டலாம். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுகள் ஐந்தையும் தனி ஈர்க்குகள் இரண்டையும் கொடுத்து, அவற்றிலிருந்து 27 ஈர்க்குகளை எடுக்கச் சொன்னால், ஒரு கட்டை அவிழ்க்காமல் ஏழை எடுக்க இயலாது என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். பாடசாலைகளில் “கடன் வாங்குதல்” எனப்படுவது இதுவே. உண்மையில் அங்கே கடனுமில்லை, திருப்பிக் கொடுத்தலுமில்லை. தன்னிடமுள்ள கட்டொன்றைத் தானே அவிழ்த்தலே உண்டு.

சந்தையில் வேறொரு வழியைக் காணலாம். 365 ரூபாவுக்குப் பொருள் வாங்கி 500 ரூபா நோட்டை நீட்டினால், மரக்கறி விற்பவர் எழுதிக் கழிப்பதில்லை. 5 ரூபாவை வைத்து 370 என்பார். 30ஐ வைத்து 400 என்பார். 100ஐ வைத்து 500 என்பார். மீதி 135 ரூபா. இதே வழியில் 27உடன் 3 சேர 30, அதனுடன் 20 சேர 50, இன்னும் 2 சேர 52. ஆகவே விடை 25. ஒரே கணக்குக்கு இரு வழிகள் இருப்பதையும், இரண்டும் ஒரே இடத்திற் சேர்வதையும் கண்ட பிள்ளைக்குக் கணிதம் மந்திரமாகத் தோன்றாது.

வாய்பாட்டை மனனஞ் செய்தல் வீண் என்பது இதன் பொருளன்று. ஆனால் ஆறேழு மறந்துபோனால், ஐயேழு 35 என்பதனுடன் இன்னுமோர் ஏழைக் கூட்டி 42 எனக் காணத் தெரிந்த பிள்ளை தவித்து நிற்காது.

தமிழ் மொழியின் எண்ணுப் பெயர்களிலும் ஓரிடத்திற் கவனம் வேண்டும். இருபது, முப்பது என்பன பத்துகளைக் குறிக்க, அவற்றைப் போலவே ஒலிக்கும் ஒன்பது ஒற்றை எண்ணாய் நிற்கிறது. தொண்ணூறு என்பதில் நூறு ஒலிக்கிறது. தொள்ளாயிரம் என்பதில் ஆயிரம் ஒலிக்கிறது. இவ்விடங்களிற் பிள்ளை தடுமாறினால் அதனை மந்தம் எனக் கொள்ளலாகாது.

வீட்டாரின் சொல்லுக்கும் இதிற் பங்குண்டு. “எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் கணக்கு வராது” என்பது ஆறுதல்போலத் தோன்றினும், பிள்ளையின் காதில் தீர்ப்பாகவே விழும். அமெரிக்காவில் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்து சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, கணிதத்துக்கு அஞ்சும் பெற்றோர் வீட்டுவேலையில் அடிக்கடி உதவிய இடங்களிற் பிள்ளைகள் குறைவாகவே கற்றனர் என்றும், அவர்களிடத்தும் அச்சம் மிகுந்தது என்றும் காட்டிற்று. இதனாற் பெற்றோர் விலகி நிற்க வேண்டுமென்பதில்லை. கணக்கைச் செய்து கொடுக்காது, செய்த வழியைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருத்தல் எவர்க்கும் இயலும். ஐந்தாந் தரத்துடன் படிப்பை விட்ட தாய்க்கும் இயலும்.

தன்னம்பிக்கை புகழ்ச்சியால் மாத்திரம் வருவதன்று. தன் விடையைத் தானே சோதிக்கும் ஆற்றலால் வருவது. 35உடன் 27ஐக் கூட்டினால் 62 அன்றோ வருகிறது, 52 வரவில்லையே எனப் பிள்ளை தானாகவே கண்டு, ஆசிரியரின் முகத்தைப் பாராமல் அழிறப்பரை எடுக்குமாயின், அன்று அது கணிதம் கற்கத் தொடங்கிவிட்டது எனலாம்.