கடல் கடந்தால் அனுபவம் கரையுமோ?

சென்னையிலோ மதுரையிலோ எம்.பி.பி.எஸ். தேறி, மேற்கொண்டு மூன்று வருஷம் எம்.எஸ். வாசித்து, பத்து வருஷ காலம் பெரிய ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சை செய்து, கைராசிக்காரர் என்று பெயரெடுத்த ஒரு டாக்டர் லண்டனில் போய் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணுக்கு அவர் யார்? உரிய பரீட்சை தேறி ஜெனரல் மெடிகல் கவுன்ஸிலின் ஜாபிதாவில் பெயர் ஏறினால் அவர் வைத்தியர்; அவ்வளவே. நிபுணர்களுக்கு அங்கே வேறொரு ஜாபிதா உண்டு. அதில் பெயரில்லாதவருக்கு, 1997 முதல், சர்க்கார் வைத்திய சேவையில் நிரந்தரமான கன்ஸல்டண்ட் பதவி கிடையாது. தற்காலிகக் கன்ஸல்டண்டாக மட்டும் இருக்கலாம்! அதே நோயாளி, அதே கத்தி, அதே கை. இந்த நியாயம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வழக்கு பழையது. இந்தியப் பட்டங்களை ஒப்புக்கொள்ள முடியாதென்று அந்தக் கவுன்ஸில் 1930-லேயே கைவிரித்தது. பிரசவ வைத்தியப் பயிற்சி போதாது என்பது அன்று சொன்ன காரணம். நம்மவர் கொதித்தனர்; 1933-ஆம் வருஷத்து இந்திய மெடிகல் கவுன்ஸில் சட்டம் பிறந்தது. பின்னர் சமாதானமாகி, 1975-இல் மறுபடியும் அங்கீகாரம் போயிற்று. இதற்கு நடுவே, அந்நாட்டவர் அதிகம் நாடாத முதியோர் வைத்தியத்தையும் மனநோய் வைத்தியத்தையும் தாங்கி நின்றவர்களில் நம் நாட்டு டாக்டர்கள் எத்தனையோ பேர்.

இப்போது நிபுணர் ஜாபிதாவை அடைய இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, அங்கேயே பயிற்சியில் சேர்ந்து பல வருஷம் மீண்டும் மாணாக்கராயிருப்பது. மற்றொன்று, வேற்று நாட்டில் செய்த வேலையையும் சேர்த்து, தம் தகுதியை ஆதாரங்களால் நிரூபிப்பது. 2023 நவம்பர் 30 வரையில் இந்த இரண்டாம் பாதையில் ஒரு முள் இருந்தது: உள்நாட்டுப் பயிற்சி முடித்தவருக்கு எல்லா அம்சத்திலும் ஈடு என்று காட்டவேண்டும். அன்று சட்டம் மாறியது. நிபுணராகத் தொழில் செய்வதற்கு வேண்டிய அறிவும் திறமையும் அனுபவமும் உண்டா என்பதே இப்போது கேள்வி. கேள்வி நல்ல கேள்விதான்.

ஆனால் விடையைக் காகிதத்தில் தரவேண்டும். செய்த சிகிச்சைகளின் குறிப்பேடு, மேலதிகாரிகளின் மதிப்பீடு, உடன் வேலை செய்தோரின் அபிப்பிராயம், தணிக்கைகள் என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள். நோயாளியின் பெயரும் அடையாளமும் ஒவ்வொரு தாளிலும் மறைக்கப்பட்டிருக்கவேண்டும். வேலை பார்த்த இடத்திலிருந்து ஒருவர் அவை உண்மையென்று உறுதி சொல்லவேண்டும். அந்தத் துறைக்குரிய ராயல் காலேஜ் பரிசீலித்து யோசனை கூறும்; முடிவு கவுன்ஸிலுடையது. ஐந்தாறு வருஷத்துக்கு முந்திய ஆதாரங்களுக்கு மதிப்புக் குறைவு. ஊரில் பெயரெடுத்த காலம் இப்படித்தான் மெல்லக் கரைந்துபோகிறது. அங்கே போய்த் தயங்கி நிற்கும் ஒவ்வொரு வருஷமும் நஷ்டமே.

சோதிப்பது தவறென்று நான் சொல்லமாட்டேன். வேறு பள்ளியிலிருந்து வரும் பையனை எந்த வகுப்பில் உட்கார்த்துவது என்று நாங்களும் பார்க்கத்தான் செய்கிறோம். நோயாளியின் உயிரோ வகுப்பறையைவிடப் பெரிது. எனக்குள்ள மனஸ்தாபம் வேறு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் அங்கம் வகித்த நாளில், அந்நாடுகளின் நிபுணர் பட்டங்களில் பெரும்பாலானவை இத்தனை மூட்டை காகிதமில்லாமலே ஏற்கப்பட்டன. அங்கே பட்டமே போதும். இங்கே பட்டத்தோடு வாழ்க்கை முழுவதையும் கட்டிக்கொண்டு போகவேண்டும்!

நம் பக்கத்துக் குறையும் உண்டு. ஒரே நாளில் இருபது பேருக்குச் சிகிச்சை செய்யும் நம் ஆஸ்பத்திரிகளில், இன்ன டாக்டர் இன்னது செய்தார் என்று குறித்துக் கையொப்பமிட யாருக்கு அவகாசம்? இங்கே எழுதாமல் விட்ட வரி, அங்கே செய்யாத வேலையாகிவிடுகிறது. பயிற்சிக் காலத்திலேயே குறிப்பேடு எழுதும் வழக்கத்தை நம் கல்லூரிகள் கண்டிப்பாக்கலாம்; இதற்கு லண்டன் உத்தரவு வேண்டியதில்லை.

நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று கேட்பீர்கள். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய ஐந்து தேசங்களில் அங்கீகாரம் பெற்ற மேற்பட்டங்களை, 2008-இல் இந்திய சர்க்கார் கெஜட் அறிவிப்பு மூலம் ஏற்றுக்கொண்டது. நம் எம்.டி., எம்.எஸ். பட்டங்களுக்கு அந்த மாதிரி நேர்வழி லண்டனில் இன்னும் திறக்கவில்லை.