கருத்துக் கேட்ட பிறகு

மலையடி ஊர்கள் – 9

ஓசூரிலிருந்து சூளகிரி, வேப்பனப்பள்ளி, பர்கூர், ஜெகதேவி, தேன்கனிக்கோட்டை என்று எந்தச் சாலையைப் பிடித்தாலும் பாறை கூடவே வரும். ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழமையான பாறை. அதில் வண்ணமும் வரியும் ஓடும் கல் ‘பாரடைசோ’ என்ற பெயரில் கப்பலேறுகிறது. வரி ஓடாத கல் வெடிவைத்து உடைக்கப்பட்டு, கிரஷரில் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் பொடிந்து, ஜூஜூவாடி தாண்டிப் பெங்களூருக்குப் போகிறது. அங்கே மாடி ஏற ஏற இங்கே மலை இறங்குகிறது.

கல்லே எடுக்கக் கூடாது என்று நான் எழுதப் போவதில்லை. வீடும் பாலமும் ரயில்பாதையும் கல்லில்தான் நிற்கின்றன. ஜாக்ஹேமர் பிடிப்பவர், டிப்பர் ஓட்டுபவர் என்று குவாரியை நம்பியிருக்கும் குடும்பங்களும் இதே ஊர்களில்தான் இருக்கின்றன. கல் எடுக்கும் இடத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்த வேலையில் என்ன பிடி இருக்கிறது என்பதே இந்த வாரக் கேள்வி.

சட்டப்படி ஒரு பிடி இருக்கிறது. 2006 செப்டம்பர் 14இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு விரிவான நடைமுறை வகுத்தது. ஆனால் 5 ஹெக்டேருக்குக் குறைவான குவாரிகள் அதன் பிடிக்குள் வரவில்லை. நிலத்தைத் துண்டு துண்டாக்கிக் குத்தகை எடுக்கும் வழக்கம் நாடெங்கும் பரவியது. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஓட்டையை அடைத்தது. சிறு குவாரிக்கும் அனுமதி வேண்டும் என்றானது. 2016இல், 500 மீட்டருக்குள் பக்கம் பக்கமாக இருக்கும் குவாரிகளைத் தொகுப்பாகக் கணக்கிடும் முறையும் வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு குவாரியின் விளிம்பில் நின்றால் அடுத்தது கண்ணுக்குத் தெரியும் இடங்கள் பல உண்டு. ஆகவே இந்த விதி இங்கே வெறும் காகித விஷயம் இல்லை.

கூட்டங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி நடக்கின்றன. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, வீடியோ கேமரா, மேடையில் மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் ஓர் உயர் அலுவலரோ, பக்கத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி. நிறுவனத்தின் ஆலோசகர் திட்டத்தை வாசிப்பார். பின்னர் மைக் மக்கள் பக்கம் வரும். 30 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற விதி மட்டும் கிடையாது. வேலைநாளில் மல்பெரித் தோட்டத்தை விட்டு வர முடியாதவரின் கருத்து இல்லாமலே கூட்டம் சட்டப்படி முடிந்துவிடும். எழுத்து மூலமாகவும் கருத்து அனுப்பலாம் என்பது பலருக்குத் தெரியாது.

இன்னொரு தடை மொழி. திட்டச் சுருக்கம் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் தரப்பட வேண்டும் என்கிறது விதி. இங்கே உள்ளூர் மொழி என்றால் தமிழ். தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் பேச்சு தெலுங்கிலோ கன்னடத்திலோதான். அவர்களுக்கு அந்தத் தமிழ்ச் சுருக்கமும் பாதி மூடிய கதவுதான். மூன்று மொழியும் தெரிந்த ஓர் ஆசிரியரோ கல்லூரி மாணவியோ கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கொட்டாய் கொட்டாயாகப் போய் வரைபடத்தை விரித்துக் காட்டினால் கூட்டத்தின் தரமே மாறும். சட்டம் இதைக் கேட்கவில்லை. நிர்வாகம் நினைத்தால் செய்யலாம்.

கொட்டாய் என்றேனே, அதை இன்னும் சொல்ல வேண்டும். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரி கூடாது என்பது தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதி. ஆனால் குடியிருப்பு என்று அந்த விதி பார்ப்பது வருவாய்ப் பதிவேட்டில் உள்ள ஊரையும், முறைப்படி ஒப்புதல் பெற்ற மனையையும்தான். இந்த மாவட்டத்துச் சனங்களோ நத்தத்தில் மட்டும் குடியிருப்பதில்லை. தோட்டத்திலேயே வீடு கட்டி, மாடு கட்டி, மூன்று தலைமுறையாக வாழ்கிறார்கள். அந்தக் கொட்டாய் வீடு கணக்கில் வராமல் போவது மிக எளிது. அந்த வீட்டை அறிந்தவர் ஊர்க்காரர். ஏரிக்கு நீர் வரும் ஓடை எது, ஜவளகிரிக் காட்டிலிருந்து இறங்கும் யானை எந்த மேட்டைச் சுற்றிப் போகும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். கருத்துக்கேட்பின் உண்மையான மதிப்பு இந்த அறிவில் இருக்கிறது. ஆதரவுக் குரல் எத்தனை, எதிர்ப்புக் குரல் எத்தனை என்று எண்ணுவதோடு முடிந்துவிடுவது பெரிய இழப்பு.

லாரித் தடத்தை ஒட்டிய மல்பெரித் தோட்டம் ஒன்றில் இலையைத் தொட்டுப் பாருங்கள். பெருவிரல் ஓடிய இடம் பச்சைக் கோடாகத் தெரியும். மற்றதெல்லாம் சாம்பல் நிறம். தூசு படிந்த இலையைப் பட்டுப்புழு சரியாகத் தின்னாது. கழுவிப் போடலாமே என்றால், ஈர இலை புழுவுக்கு நோய் கொண்டுவரும். கழுவி, உலர்த்தி, பிறகு தட்டில் போட வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது. தை, மாசியில் மாம்பூவிலும் இதே தூசு. ‘காற்று மாசு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது’ என்று அறிக்கை சொல்லலாம். இந்த இலையை எந்த அட்டவணையும் அளப்பதில்லை.

2020 செப்டம்பர் 30இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. கருத்துக்கேட்பில் எழும் கோரிக்கைகளுக்குத் தரும் உறுதிமொழி சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும் என்றது. நல்ல ஏற்பாடு. நடைமுறையில் அது பெரும்பாலும் பள்ளிக்கூடக் கழிப்பறை, சுற்றுச்சுவர், நூலகப் புத்தகம் என்று போய் நிற்கிறது. பள்ளிக்குக் கழிப்பறை அவசியம்தான். ஆனால் அதைக் கட்டித்தர வேண்டியது அரசு. குவாரியிடம் ஊர் கேட்க வேண்டியது வேறு. லாரிக்குத் தார்ப்பாய், மாம்பூக் காலத்தில் தடத்துக்குக் கூடுதல் தண்ணீர், வெடிக்கு ஒரே நேரம், அதற்கு முன் சங்கு. முதல் வெடிக்கு முன்பே சுற்றுவட்டார வீடுகளின் சுவர்களைப் படம் எடுத்துக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வதும் அதில் சேர வேண்டும். சாதாரண வீடுகளுக்குத் தாழ்ந்த அதிர்வெண்ணில் நொடிக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் அதிர்வு கூடாது என்கிறது சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் வரையறை. பழைய படம் கையில் இல்லாமல், விரிசல் வெடியால் வந்ததென்று எப்படி நிரூபிப்பது?

கூட்டம் ஒருநாள். கிரானைட் குத்தகையோ 1999ஆம் ஆண்டு விதிப்படி குறைந்தது 20 ஆண்டு. இந்த 20 ஆண்டும் ஊர் வெளியே நிற்கிறது என்பதுதான் என் மனக்குறை.

அதற்கும் அதே 2006 அறிவிக்கையில் வழி இருக்கிறது. அனுமதி பெற்றவர் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை அறிக்கையாகத் தர வேண்டும். அது பொது ஆவணம். கேட்பவருக்கெல்லாம் நகல் உண்டு. இப்போது நம் கிராமசபை நாள்களைப் பாருங்கள். 2022 முதல் ஆண்டுக்கு ஆறு. அவற்றில் மே 1, நவம்பர் 1 இரண்டும் அந்த அறிக்கை நாள்களுக்குச் சரியாக ஒரு மாதம் முன்னால் வருகின்றன. போன அறிக்கையை அந்தச் சபையில் வாசித்து, ‘மரம் நட்டதாக எழுதியிருக்கிறது, நட்டார்களா?’ என்று கேட்டு, பதிலைத் தீர்மானமாக எழுதி அனுப்ப எந்தப் புதுச் சட்டமும் வேண்டாம். அதோடு ஊர் இளைஞர்கள் நாலைந்து கிணறுகளின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து நோட்டில் எழுதி வந்தால், இரண்டு வருடத்தில் எந்த ஆலோசகரிடமும் இல்லாத தரவு ஊரிடம் இருக்கும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்பவர்கள் புதுக்கோட்டையை நினைத்துப் பார்க்கட்டும். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், கல் உடைத்துக் கூலி வாங்கிய பெண்களின் குழுக்களுக்கே அங்கே குவாரிகள் குத்தகைக்குத் தரப்பட்டன. அறிவொளி இயக்கத்தில் அப்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்றவர்கள் குவாரிக் கணக்கைப் பார்த்தார்கள். ஒப்பந்ததாரர்களின் எதிர்ப்பைத் தாண்டி அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை என்பது வருத்தம். ஆனாலும் கையெழுத்தும் கணக்கும் கைவந்தால் கல்தொழிலாளியே குவாரியை நடத்த முடியும் என்று அது காட்டிவிட்டது.

கனடாவின் வடக்கில் ஏகாட்டி வைரச் சுரங்கத்துக்கு 1997இல் தனிக் கண்காணிப்பு அமைப்பு ஒன்று உருவானது. உறுப்பினர்களை நியமிப்பதில் அப்பகுதிப் பழங்குடி அமைப்புகளுக்குப் பங்கு. செலவின் பெரும்பகுதி நிறுவனத்துடையது. மான் கூட்டம் போகும் பாதை முதல் ஏரி நீர் வரை அவர்கள் கேள்வி கேட்டார்கள். ஒரு குவாரித் தொகுப்புக்கு இப்படி ஒரு குழு வைக்க நமக்கு வைரச் சுரங்கத்தின் வருமானம் தேவையில்லை. 2015 சட்டத் திருத்தத்தால் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளையில் குத்தகைதாரர்கள் கட்டும் பணம் சேர்கிறது. அதில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் குடிநீர், சுகாதாரம், சுற்றுச்சூழல் போன்ற முதன்மைத் தேவைகளுக்குச் செலவாக வேண்டும் என்று அதே ஆண்டு வந்த வழிகாட்டுதல் சொன்னது. கிணறு அளக்கும் கயிற்றுக்கும் அதிர்வு அளக்கும் கருவிக்கும் அதில் இடம் இல்லாமலா போகும்?

ஊரைக் கடைசியில் கேட்பதன் விலையையும் அண்மையில் பார்த்தோம். அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் ஏலம் 2024 நவம்பரில் முடிந்த பிறகே மேலூர் மக்கள் கிராமசபைகளில் தீர்மானம் போட்டு, மதுரைக்கு நடந்து, 2025 ஜனவரி 23இல் அதை ரத்து செய்ய வைத்தார்கள். முதலிலேயே கேட்டிருந்தால் அந்த அலைச்சல் யாருக்கும் தேவைப்பட்டிருக்காது.

உங்கள் ஊர்க் குவாரியின் அறிக்கை வேண்டுமானால் சென்னை சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் உள்ள மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு மனு போடுங்கள். குவாரியின் புல எண்ணையும் கிராமப் பெயரையும் தவறாமல் எழுதுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகல் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்திருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. முதலில் அங்கே கேளுங்கள். அதில் உள்ள நிபந்தனைகளையும் வந்து சேரும் அறிக்கையையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

(தொடரும்)