ஏரியும் ஊராரும்

ஓரிடத்தில் நூறு வீடுகள் அடுத்தடுத்து நிற்பதனாலேயே அஃது ஊர் ஆகிவிடாது. அந்நூறு வீட்டாருக்கும் உரிய பொதுப்பொருள் ஒன்று இருத்தல் வேண்டும். அதனைக் காக்கும் கடமையை அவர்கள் தம்முள் பகிர்ந்துகொள்ளுதலும் வேண்டும். அப்பொழுதுதான் வீடுகளின் கூட்டம் ஊர் என்னும் பெயர்க்கு உரியதாகும். தமிழ்நாட்டில் அத்தகைய பொதுப்பொருள்களுள் தலையாயது ஏரி. பாண்டிநாட்டார் அதனைக் கண்மாய் என்பர்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் மழை ஆண்டு முழுவதும் பெய்வதில்லை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில திங்களில் மிகுதியாகப் பெய்து, பின்னர் நின்றுவிடும். பெய்த நீரைத் தேக்கி வையாவிடின், ஐப்பசியில் வெள்ளமும் பங்குனியில் வறட்சியுமே மிஞ்சும். இதனை நன்குணர்ந்த முன்னோர், நிலம் சரியும் இடங்களில் கரை எடுத்து ஏரிகளை அமைத்தனர். பாண்டியன் நெடுஞ்செழியனிடம் நீர்நிலைகளைப் பெருக்குமாறு குடபுலவியனார் எடுத்துரைத்த செய்தியைப் புறநானூற்றில் காணலாம். இன்றும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன.

ஏரி என்பது வெறும் பள்ளம் அன்று. உறுப்புகள் பல கொண்டதோர் அமைப்பு. மழைநீரைக் கொணர்வது வரத்துக் கால்வாய். அதனைத் தாங்கி நிற்பது கரை. வேண்டுமளவு நீரை வயலுக்கு விடுவது மதகு. மிகுந்த நீரைக் கரைக்குக் கேடின்றி வெளியேற்றுவது கலிங்கு. மேலூர் ஏரியின் கலிங்கில் வழிந்த நீர் கீழூர் ஏரிக்குச் சென்று சேருமாறு பல இடங்களில் ஏரிகள் சங்கிலிபோல் தொடர்ந்து அமைந்துள்ளன. இவ்வுறுப்புகளுள் ஒன்று பழுதுறினும் ஏனையவை பயனிழக்கும். கால்வாய் தூர்ந்தால் நீர் வாராது. தரையில் வண்டல் படிந்தால் நீர் தங்காது. கலிங்கு அடைபட்டால் கரை உடையும்.

கரை உடையுமாயின், அவ்வெள்ளம் செல்வர் வயல் இது, எளியவர் வயல் இது என்று பார்ப்பதில்லை. அவ்வாறே, ஒருவர் தம் வயலுக்கு நேரே உள்ள கால்வாயை மட்டும் தூய்மை செய்துகொள்வதனாலும் பயனில்லை. மேலே கால்வாய் தூர்ந்திருந்தால் கீழே அவர்க்கு எங்கிருந்து நீர் வரும்? ஆதலின் ஏரியைக் காத்தல் தனியொருவரால் இயலாத செயல். ‘பிறர் செய்வார், யான் ஒருவன் செய்யாவிடின் என்ன?’ என்று ஒவ்வொருவரும் கருதுவராயின், செய்வார் ஒருவரும் இலராவர்.

இவ்விடர்ப்பாட்டை நீக்கக் கண்ட வழியே குடிமராமத்து என்பது. மழைக்காலத்திற்கு முன்னர் ஊரார் ஒரு நாளைக் குறிப்பர். ஏரிநீரால் பயன்பெறும் ஒவ்வொரு குடியும் தன் நிலத்தின் அளவிற்கேற்ப ஆள் அனுப்புதல் வேண்டும். கால்வாயில் முளைத்த புதரை வெட்டுதல், தூரை வாருதல், கரையின் தாழ்ந்த பகுதிகளில் மண் இட்டு உயர்த்துதல் ஆகியன அன்றைய பணிகள். ஏரியில் எடுத்த வண்டல் வயலுக்கு உரமாயிற்று. மதகைத் திறந்து அடைத்து, யாவர்க்கும் முறையாக நீர் பாய்ச்சுதற்கு நீர்க்கட்டி என்பார் ஒருவரை ஊரார் அமர்த்தினர். அறுவடைக் காலத்தில் அவர்க்கு நெல் அளந்தனர்.

இவ்வழக்கம் மிகப் பழையது என்பதற்குத் திருவிளையாடற் புராணம் கூறும் வந்தியின் கதையே சான்றாகும். வையை பெருகிக் கரை உடைந்தபொழுது, ஊரார் ஒவ்வொருவருக்கும் கரையில் ஒரு பங்கு அளந்து கொடுக்கப்பட்டது. பிட்டு விற்றுப் பிழைத்த துணையற்ற முதியவளாகிய வந்திக்கும் ஒரு பங்கு உண்டு. தன்னால் இயலாமையின் அவள் கூலியாள் தேடினாள். பொதுக்கரையில் பங்கில்லாதவர் எவருமிலர் என்னும் கருத்து அக்கதையில் அடங்கியிருத்தல் காண்க.

உழைப்பைப் பகிர்ந்தது போலவே பொறுப்பையும் முன்னோர் பகிர்ந்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. அவ்வூர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் இடுவர். ஊரார் அனைவரும் கூடிய அவையில் அக்குடத்தை யாவரும் காண உயர்த்திக் காட்டுவர். பின்னர், உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுப்பிப்பர். அதனை வாங்குவார் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று, உரக்கப் படிப்பார். கைக்குள் வேறோர் ஓலை மறைந்திருத்தல் கூடாது என்பதே அதன் நோக்கம்.

இவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் அமர்த்தப்பட்டனர். அவர்கள் பணி 360 நாட்களே. முந்தைய மூன்றாண்டுகளுள் வாரியம் செய்தவர் மீண்டும் அப்பணிக்கு வருதல் இயலாது. முன்னர்ப் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். ஊர்ப்பணியில் ஈடுபடுவார் ஊர்ப்பொருளுக்குக் கணக்குக் கூறக் கடவர் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்துதல் அரிது.

எனினும், அம்முறையில் குறையும் இருந்தது. வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடமுண்டு. ஏரிக்கரையில் மண் சுமந்தவர் பெயர் குடவோலையில் ஏறவில்லை. பழமையில் நல்லதைப் போற்றும்பொழுது அல்லதை மறைத்தல் அறிவுடைமை ஆகாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் குடிமராமத்துத் தளரலாயிற்று. தானாக நடந்துவந்த வழக்கத்தைக் காக்க, 1858 ஆம் ஆண்டில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. ஆயினும், ‘ஏரி அரசாங்கத்தினுடையது’ என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியபின் சட்டத்தால் பெரும்பயன் விளையவில்லை. பின்னர்க் கிணறுகளும் நீர் இறைக்கும் பொறிகளும் பெருகின. தம் வயலில் கிணறுடையார், ‘எமக்கு ஏரி எதற்கு?’ என்று ஒதுங்கினர். ஏரியில் நீர் நின்றால்தான் கிணற்றில் ஊற்றுச் சுரக்கும் என்பதை அவர்கள் மறந்தனர். கிணறுகள் வற்றியபொழுதே ஏரியின் அருமை விளங்கிற்று.

அவ்வாறாயின், அரசாங்கத்தின் கடமை யாது என வினவலாம். பெருங்கரை எடுத்தலும், பழுதுற்ற மதகைக் கட்டுதலும் பொருட்செலவு மிக்க பணிகள். அவை அரசாலேயே இயலும். ஆனால், கரையில் சிறு துளை விழுந்ததை முதலில் காண்பவர் அவ்வூராரே. கால்வாயை மறித்து ஒருவர் வேலி அமைப்பதைக் காண்பவரும் அவர்களே. கண்டும் வாளாவிருப்பின், தலைநகரில் உள்ளோர் அறிவது எங்ஙனம்? 2017 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பயன்பெறும் உழவர்தம் கையும் சேர்ந்தாலன்றி ஏரிகள் நிலைபெறா என்பது இதனால் புலனாகும்.

அன்று குடவோலையில் இடம்பெறாதார்க்கும் இன்று வாய்ப்பு உண்டு. 1992 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தமும், 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்கு உரிமை அளித்தன. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும், நிலம் உடையவராயினும் இல்லாதவராயினும், ஆடவராயினும் பெண்டிராயினும், அச்சபையின் உறுப்பினரே. ஊராட்சியின் வரவு செலவை வினவவும், ஏரி குளங்களைச் சீர்செய்யுமாறு தீர்மானம் நிறைவேற்றவும் அவர்கள் உரிமை பெற்றுள்ளனர். ஆனால், சபை கூடும் நாளில் வீட்டில் இருந்துவிட்டுப் பின்னர்த் திண்ணையில் அமர்ந்து குறை கூறுவாரால் ஊர்க்கு என்ன பயன்? செலுத்தப்படாத உரிமை துருப்பிடித்த கருவியை ஒக்கும்.

மாணவர்க்கு இதில் பங்கில்லை என்று எண்ணுதல் வேண்டா. தம் ஊர் ஏரிக்கு நீர் எவ்வழி வருகிறது, எவ்வழி செல்கிறது என்பதை நடந்து சென்று அறிதல் அவர்களால் இயலும். கால்வாயில் குப்பை கொட்டாதிருத்தலும், கொட்டுவாரிடம் பணிவுடன் எடுத்துரைத்தலும் இயலும். கிராம சபை கூடுங்கால் பெற்றோருடன் சென்று, அங்கு நிகழ்வனவற்றை உற்றுக் கேட்டலும் இயலும். இன்று இவ்வாறு பழகுவோரே நாளை அச்சபையில் துணிந்து வினவுவர், பொறுப்பேற்பர், கணக்கும் காட்டுவர். ஊர் கூடினால்தான் தேர் நகரும்; வடம் பிடித்துப் பழகிய கைகளே அதனை நிலைக்குக் கொண்டு சேர்க்கும்.