தெளிந்த நீரில் ஒளிந்த பகை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்க் கிணற்று நீர் பளிங்குபோல் இருக்கும். நிறமில்லை, மணமில்லை. ஆனால் அதைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களிலோ பழுப்புக் கறை! ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகும். காரணம், பாறையிலிருந்து நீரில் கரையும் புளோரைடு. எதிர் மின்னேற்றம் கொண்ட அயனி. காய்ச்சினாலும் போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

இதைக் கண்டறிவது எப்படி? பழைய முறை ஒன்று உண்டு. சிர்கோனியமும் அலிசாரின் சாயமும் கூடிய செந்நிறக் கரைசலில் அந்நீரை விட்டால், புளோரைடு சிர்கோனியத்தைப் பறித்துக்கொள்ளும், சிவப்பு மஞ்சளாகும்.

இன்று விஞ்ஞானிகள் புளோரைடுக்கென்றே மூலக்கூறுகளைச் சமைக்கிறார்கள். அவற்றில் ஒரு வகையில், நைட்ரஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன் புளோரைடைக் கவர்ந்து பிடிக்கிறது. உடனே மூலக்கூறின் நிறம் மாறுகிறது. ஆனால் ஒரு சிக்கல்! தண்ணீரும் புளோரைடை இறுகப் பற்றிக்கொள்கிறது. அதனால் வேறு திரவங்களில் சாமர்த்தியம் காட்டும் மூலக்கூறுகள் பல, தண்ணீரில் தோற்றுவிடுகின்றன. அந்தப் பிடியை வெல்வதுதான் ஆராய்ச்சியின் பெரும் சோதனை.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி, காவிரி நீர் இம்மாவட்டங்களுக்கு வந்தது. என்றாலும் கிணற்றை நம்பும் வீட்டுக்கு, எது நல்ல நீர் என்று கண்ணாலேயே காட்டும் கருவி பெரிய துணையல்லவா?