இசையில் பட்டம் வாங்கினால் சம்பளம் எவ்வளவு? வெள்ளகோவில் பெற்றோர் போட வேண்டிய கணக்கு

பிளஸ் 2 முடித்த பிள்ளை, "மியூசிக் காலேஜ்ல சேரணும்" என்கிறது. திருப்பூர் மாவட்டம் வெள்ளகோவில் போன்ற ஊரில், விசைத்தறியும் எண்ணெய் மில்லும் முருங்கை வியாபாரமும் நடக்கிற வீடுகளில், அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: "படிச்சு முடிச்சா மாசம் எவ்வளவு வரும்?" தப்பான கேள்வி இல்லை. ஆனால் பதில் ஒரே தொகையாகக் கிடைக்காது. எங்கே படிக்கிறார்கள், கையில் என்ன சான்றிதழோடு வெளியே வருகிறார்கள் என்பதைப் பொறுத்து ஆயிரம் ரூபாய் கணக்கும் லட்ச ரூபாய் கணக்குமாக மாறும்.

எங்கே படிக்கலாம்?

சென்னை, மதுரை, திருவையாறு, கோவை ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. வெள்ளகோவிலுக்குப் பக்கம் கோவை மாலுமிச்சம்பட்டியில் உள்ள கல்லூரிதான். 2013-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இவை வருகின்றன. இந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதலமைச்சரே வேந்தர் என்பது கூடுதல் செய்தி.

பட்டம் வேண்டாம், வித்தை போதும் என்பவர்களுக்கு ஈரோட்டிலும் கரூரிலும் மாவட்ட அரசு இசைப் பள்ளி உண்டு. மூன்று ஆண்டு சான்றிதழ் படிப்பு. இரண்டு ஊருமே வெள்ளகோவிலில் இருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்.

அரசுக் கல்லூரியில் கட்டணம் பெரிய சுமை இல்லை. உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. அந்த மூன்று வருடத்தில் பிள்ளை வேலைக்குப் போயிருந்தால் மாதம் 12,000 ரூபாய் கொண்டு வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், 36 மாதத்துக்கு 4.32 லட்சம். அதோடு ஹாஸ்டல், பஸ், நல்ல வயலினோ மிருதங்கமோ வாங்கும் செலவு. கல்லூரிக்கு நாம் கொடுக்கும் பணத்தைவிட வீட்டுக்கு வராமல் போகும் பணம்தான் அதிகம். இதைப் பெரும்பாலான வீடுகள் கணக்கில் எடுப்பதே இல்லை.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. மூன்று ஆண்டுக்கு 36,000. சேரும் படிப்பு இந்தத் திட்டத்தில் வருகிறதா என்று கல்லூரியிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

பள்ளி வேலை: ஆசையும் நிஜமும்

இசைப் பட்டதாரிக்கு முதலில் தோன்றுவது டீச்சர் வேலைதான். தமிழக அரசுப் பள்ளிகளில் நிரந்தர இடங்கள் மிகக் குறைவு. ஆசிரியர் தேர்வு வாரியம் 2017-ல் அறிவித்த 1,325 சிறப்பாசிரியர் இடங்களில் இசைக்குக் கிடைத்தது 86. அதுவும் மாநிலம் முழுமைக்கும்.

இன்னொரு பக்கம் பகுதிநேர ஆசிரியர்கள். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி எனப் பல பாடங்களுக்கு 16,549 பேரை அரசு எடுத்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். பிறகு அது 7,000, 7,700, 10,000 என்று ஏறியது. 2023-ல் நடந்த போராட்டத்துக்குப் பின் 12,500 என்று அறிவிக்கப்பட்டது. அந்த உயர்வுக்கே 11 வருடம் ஆகியிருக்கிறது. மே மாதச் சம்பளம் இல்லை என்பதும் பணி நிரந்தரம் வேண்டும் என்பதும் இவர்களின் நீண்ட நாள் குறைகளாக இருந்து வந்தன.

இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். தனியார் நிறுவனத்தில் இசை படிக்க 4 லட்சம் கல்விக்கடன் வாங்கி, 10 சதவீத வட்டியில் ஏழு ஆண்டில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 6,640 ரூபாய். 12,500 சம்பளத்தில் பாதிக்கு மேல் வங்கிக்கே போய்விடும். அரசுக் கல்லூரியில் படித்தவருக்கு இந்தத் தவணையே கிடையாது. இசைப் படிப்பு லாபமா நட்டமா என்பதில் கடன் இருக்கா, இல்லையா என்பதுதான் பெரிய வித்தியாசம்.

பட்டத்துக்கு நேரடி விலை எங்கே?

கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் இசை ஆசிரியர் வேலைக்கு, பிளஸ் 2-வில் 50 சதவீத மதிப்பெண்ணும் இசையில் இளநிலைப் பட்டமும் கேட்கிறார்கள். தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய், அகவிலைப்படி தனி. 2022 டிசம்பர் அறிவிப்பில் நாடு முழுக்க 303 இடங்கள் இருந்தன. வயது வரம்பு 30. இந்தி, ஆங்கிலத்தில் பாடம் நடத்தத் தெரிய வேண்டும் என்பதில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் தடுக்கி விழ வாய்ப்புண்டு. பாட்டு கிளாஸோடு சேர்த்து மொழியையும் அந்த மூன்று வருடத்தில் பிடித்துவிட வேண்டும்.

மேலே முதுகலை முடித்து யு.ஜி.சி. நெட் தேர்வில் இசைப் பாடத்தில் தேறினால் கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்குத் தகுதி. அங்கே தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. பாதை நீளம், இடமும் குறைவு.

கோயிலிலும் மேடையிலும் பட்டத்தை யாரும் கேட்பதில்லை. அறநிலையத்துறையின் பெரிய கோயில்கள் தவில் கலைஞருக்கு 18,500 – 58,600 என்ற ஊதிய விகிதத்தில் அறிவிப்பு வெளியிட்டிருக்கின்றன. கேட்பது தமிழில் எழுதப் படிக்கத் தெரிவதும் இசைப் பள்ளிச் சான்றிதழும்தான். அகில இந்திய வானொலியின் 'பி', 'பி ஹை', 'ஏ' கிரேடுகளும் ஆடிஷனில் வாசித்துக் காட்டி வாங்குபவை. வீரக்குமாரசாமி கோயில் மகா சிவராத்திரித் தேருக்கு வாசிக்க வருகிறவரிடம் யாரும் மார்க் ஷீட் கேட்கப் போவதில்லை. நாகஸ்வரம், தவில் பக்கம் போகிறவருக்கு ஈரோடு, கரூர் பள்ளிச் சான்றிதழே போதும் என்று சொல்ல இது ஒரு காரணம். கல்யாண வாசிப்பை நம்பினால் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை என்பதையும் சேர்த்து வருடக் கணக்காகப் போட வேண்டும், மாதக் கணக்காக அல்ல.

டியூஷன்? வீட்டிலேயே 20 பிள்ளைகளுக்குத் தலா 800 வாங்கினால் 16,000 ரூபாய். பரீட்சை மாதங்களில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். கீபோர்டும் டிரினிட்டி கிரேடு தேர்வும் சொல்லித்தரத் தெரிந்தால் கூட்டம் கூடும். கர்நாடக சங்கீதம் மட்டும் என்றால் சின்ன ஊரில் கொஞ்சம் சிரமம்தான்.

டிப்ளமோவா, பி.ஏ.வா?

இசைக் கல்லூரிகளில் டிப்ளமோவும் உண்டு, பி.ஏ.வும் உண்டு. உள்ளே கற்றுக்கொள்வதில் பெரிய வேறுபாடு தெரியாமல் போகலாம். வெளியே வந்தபின் தெரியும். பிளஸ் 2-க்குப் பிறகு மூன்று ஆண்டு பி.ஏ. முடித்தவர் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, வங்கித் தேர்வு என 'ஏதேனும் ஒரு பட்டம்' கேட்கும் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம். டிப்ளமோ மட்டும் வைத்திருப்பவரால் முடியாது. இசையில் வேலை அமையாவிட்டாலும் கையில் இருக்கும் காகிதம் வீணாகாது என்ற பாதுகாப்பு பி.ஏ.வுக்கு உண்டு. அரசுப் பள்ளி இசை ஆசிரியர் வேலைக்கு ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் தனியாகக் கேட்பார்கள். ஆகவே விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் முன் கல்லூரி அலுவலகத்தில் கேட்க வேண்டியவை இரண்டு: கடைசியில் கிடைப்பது பட்டமா, பட்டயமா, அதைக் கொடுப்பது பல்கலைக்கழகமா, வேறு யாருமா.