நீலகிரி தைலம்: எத்தனை சொட்டு போதும்?

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஹால்ல டிஃப்யூசர் ஓடிட்டு இருந்தது. பக்கத்துல டீப்பாய் மேல யூகலிப்டஸ் ஆயில் பாட்டில், மூடி திறந்தபடி. ரெண்டு வயசுப் பையன் அதை எடுத்து வாய்கிட்ட கொண்டு போயிட்டான். அக்கா ஓடி வந்து பிடுங்கினதால உள்ளே போகல. ஆனா அதுக்கப்புறம் அவ சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இயற்கையான எண்ணெய்தானேடா, என்ன பண்ணிடப் போகுது?"

என்ன பண்ணும்? அதைத்தான் இன்னிக்குப் பேசப் போறோம்.

முதல்ல ஒரு விஷயம். பேர்லதான் இது எண்ணெய். தேங்காய் எண்ணெயை ஒரு வெள்ளைத் தாள்ல விட்டா கறை அப்படியே நிக்கும். சுத்தமான யூகலிப்டஸ் ஆயிலை விட்டுப் பாருங்க, கொஞ்ச நேரத்துல பெரும்பாலும் ஆவியாகிப் போயிடும். செடியோட வாசனைக்குக் காரணமான வேதிப்பொருள்களை மட்டும் பிரிச்சு எடுத்து, பாட்டில்ல அடைச்சதுதான் எசென்ஷியல் ஆயில்.

நம்ம ஊர்ல இதுக்கு நல்ல உதாரணம் நீலகிரி தைலம். யூகலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. 1840களில் ஆங்கிலேயர்கள் அதை நீலகிரிக்குக் கொண்டு வந்தாங்க. இலையைப் பெரிய கொப்பரையில போட்டு, அடியில தீ மூட்டி, வர்ற நீராவியைக் குளிர வைப்பாங்க. தண்ணிக்கு மேல தைலம் மிதக்கும். தோராயமா நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ தைலம்தான் கிடைக்கும். அப்படிப் பார்த்தா, ஒரு டீஸ்பூன் தைலத்துல கிட்டத்தட்ட அரை கிலோ இலையோட சாரம் இருக்கு. யாராவது அரை கிலோ யூகலிப்டஸ் இலையை ஒரே வாய்ல சாப்பிடுவாங்களா?

இதனாலதான் அளவு முக்கியம். சின்னக் குழந்தை ஒரு டீஸ்பூனுக்கும் குறைவா யூகலிப்டஸ் ஆயிலைக் குடிச்சாலே மயக்கமும் வலிப்பும் வரலாம். பெரியவங்களுக்கும் இது பொருந்தும். யூகலிப்டஸ், கற்பூரம் கலந்த தைலங்களைப் பயன்படுத்தின சிலருக்கு வலிப்பு வந்ததை பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. வீட்டுல யாருக்காவது வலிப்பு நோய் இருந்தா, இந்த ரெண்டையும் தள்ளி வைங்க.

அப்போ எதுக்குத்தான் உதவும்?

சளி பிடிச்சா கைக்குட்டையில ரெண்டு சொட்டு விட்டு முகர்றோம். மூக்கு திறந்த மாதிரி இருக்கும். உண்மையில அடைப்பு பெருசா குறையுறதில்ல. மூக்குல குளிர்ச்சியை உணர்ற நரம்பை அந்த வாசனை தூண்டுது, மூச்சு தாராளமா போற மாதிரி தோணுது. அந்த ஆறுதலே ராத்திரி தூங்குறதுக்குப் போதும்னா, தாராளமா பண்ணுங்க. ஆனா ரெண்டு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைங்க மூக்குலயோ நெஞ்சுலயோ யூகலிப்டஸ், கற்பூரம் எதையும் தடவாதீங்க. மூச்சுத்திணறல் வரலாம்.

முகப்பருவுக்கு டீ ட்ரீ ஆயில். 1990-ல ஆஸ்திரேலியாவுல 124 பேர்கிட்ட நடந்த ஒரு ஆய்வுல, 5 சதவீத டீ ட்ரீ ஜெல் பருவைக் குறைச்சது. வழக்கமா கொடுக்கிற பென்சாயில் பெராக்சைடைவிட மெதுவாதான் வேலை செஞ்சது, ஆனா எரிச்சல் கம்மி. கவனிங்க, 5 சதவீதம். பாட்டில்ல இருந்து அப்படியே எடுத்துத் தடவினது இல்ல.

பல் வலிக்குக் கிராம்புத் தைலம் வைக்கிறது வெறும் பாட்டி வைத்தியம் இல்ல. அதுல இருக்கிற யூஜெனால் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும். பல் டாக்டர்களும் தற்காலிகமா பல்லை அடைக்க யூஜெனால் சேர்த்த சிமென்ட்டைப் பயன்படுத்துறாங்க. ஆனா சொத்தை அப்படியேதான் இருக்கும், டாக்டரைப் பார்த்தே ஆகணும்.

சிட்ரோனெல்லா கொசுவை விரட்டும், ஆனா சீக்கிரமே ஆவியாகிடும். டெங்கு சீசன்ல அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீங்க.

கணக்கு ரொம்ப சிம்பிள்

உடம்புல தடவணும்னா, பெரியவங்களுக்கு 2 சதவீதம் போதும். அதாவது 10 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 4 சொட்டு. முதல்ல முழங்கை மடிப்புல கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்க. அரிச்சா விட்டுடுங்க. குளிக்கிற பக்கெட்ல நேரா ஊத்தாதீங்க. தண்ணியில கலக்காம மேல மிதந்து, அப்படியே தோல்ல ஒட்டி எரியும். பழைய பாட்டிலையும் தோலுக்கு வேண்டாம். காத்து பட்டுப் பட்டு, அலர்ஜி உண்டாக்குற பொருள்கள் அதுல உருவாகியிருக்கும்.

டிஃப்யூசரை அரை மணி நேரம் ஓட விட்டு நிறுத்துங்க, ஜன்னல் திறந்திருக்கட்டும். வீட்டுல ஆஸ்துமா இருக்கிறவங்க இருந்தா அவங்ககிட்ட கேட்டுட்டுப் போடுங்க. பூனை வளர்க்கிறீங்களா? டீ ட்ரீ அதுக்கு விஷம்.

கடைசியா, யாராவது குடிச்சுட்டா? வாந்தி எடுக்க வைக்காதீங்க. தைலம் நுரையீரலுக்குள்ள போனா இன்னும் ஆபத்து. அறிகுறி வருதான்னு பார்த்துட்டு இருக்கவும் வேண்டாம். 108-க்குக் கூப்பிடுங்க, இல்ல உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

அக்கா வீட்டு டிஃப்யூசர் இப்பவும் ஓடுது. பாட்டில் மட்டும் பீரோவுக்குள்ள, மாத்திரை டப்பா பக்கத்துல போயிடுச்சு. அதோட இடம் அதுதான். உங்க வீட்டுல அது இப்போ எங்க இருக்கு? இந்த எபிசோட் முடிஞ்சதும் எழுந்து போய் ஒரு தடவை பார்த்துடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.