ஒரே ஏரி, பல தலைப்பு

2020 நவம்பர் 25. நிவர் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும், நண்பகலில் மதகைத் திறந்தார்கள். முதலில் விநாடிக்கு 1,000 கன அடி, பிறகு படிப்படியாக 9,000.

ஏரி திறக்கும்போது அதிகாரிகள் தரும் விவரம் எல்லா நாளிதழுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, நீர்வரத்து, திறப்பு, எச்சரிக்கை. ஆனால் செய்தி ஒவ்வொரு பத்திரிகையிலும் ஒவ்வொரு மாதிரி வரும்.

மதியம் நடந்ததை மாலை மலரும் மாலை முரசும் அன்றே கடைக்குக் கொண்டுவந்துவிடலாம். காலை நாளிதழோ நள்ளிரவு வரை காத்திருக்கும். அதிலும் வெளியூர்ப் பதிப்பு முன்னதாகவே அச்சுக்குப் போய்விடும். கடைசியாக ஓடும் நகரப் பதிப்பில் கன அடிக் கணக்கே மாறியிருக்கும். ஒரே பத்திரிகைக்குள் இரண்டு செய்தி!

1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கும்படி எழுதும் மரபில் வந்தது. பெரிய தலைப்பு, குட்டிக் குட்டிப் பத்திகள். ஆங்கில நாளிதழ் நீர்வரத்தையும் திறப்பையும் ஒப்பிட்டு, பொறியாளரின் விளக்கத்தைத் தேடும். முரசொலி போன்ற கட்சி ஏட்டுக்கு, ஏரியைவிட அரசு என்ன செய்தது என்பதே முக்கியம்.

எண்ணை எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு கன அடி ஏறக்குறைய 28 லிட்டர். 9,000 கன அடி என்றால் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் இருபத்தொன்று, ஒவ்வொரு விநாடியும். இப்படி எழுதினால்தான் இந்தத் தண்ணீர் போய்ச் சேரும் அடையாற்றின் கரையில் இருப்பவருக்கு உறைக்கும்.

அது ஏன் உறைக்க வேண்டும் என்பதற்கு 2015 சாட்சி: டிசம்பர் 1 அன்று இதே ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். அப்போது சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தில் ஊழியர்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியாமல், மறுநாள் தி இந்து சென்னையில் அச்சாகவில்லை. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, அந்த வெள்ளம் மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றது.

திறப்பு அறிவிப்பு வரும்போதெல்லாம் ஒரு வரி கூடவே வரும்: சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை, அடையாற்றின் இரு கரைகளிலும் உள்ள தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். செய்தியின் கடைசிப் பத்தியில் இந்த ஊர்ப்பெயர்களைப் போடுவது எனக்குச் சம்மதமில்லை. தலைப்புக்கு அடுத்த வரியிலேயே வரட்டும். அமைச்சர் பார்வையிட்ட படத்தை உள்பக்கத்துக்குத் தள்ளலாம்.